18க்கு 11 ஹாலுக்கு ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர்

எங்கள் ஹால் 18 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். தரையில் விட்ரிஃபைட் டைல்ஸ், சுற்றிலும் பட்டி பார்த்து பெயின்ட் அடித்த சுவர், மேலே கான்கிரீட். சென்னைப் பக்கம் அடுக்குமாடி வீட்டில் ஹால் என்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஸ்பீக்கர் வாங்க நினைப்பவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் இந்த மூன்று அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எதை வாங்குவது, எங்கே வைப்பது என்ற கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

எங்கள் வீட்டுத் தேவை எளிமையானது. அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. சாயங்காலம் செய்தியும் விவாதமும் பார்ப்பார், ராத்திரி பழைய கச்சேரிப் பதிவுகள் கேட்பார். டிவியின் சத்தத்தை எவ்வளவு ஏற்றினாலும், "சத்தமா இருக்கு, ஆனா என்ன சொல்றான்னு புரியலையே" என்பார். அது அவர் காதின் குறை மட்டுமல்ல. வயது ஏறும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்களை. பேச்சில் சத்தமாக இருப்பவை உயிரெழுத்துகள். அவற்றின் பலம் கீழ் அதிர்வெண்களில் இருக்கிறது. ச, த, ட, ப என்று மெய்களைப் பிரித்துக் காட்டும் நுணுக்கமான ஒலிகளோ பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு (வினாடிக்கு 2,000 அதிர்வுக்கு) மேல். மெல்லிய டிவியில் ஸ்பீக்கர் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ இருக்கும். அந்த நுணுக்கமான பகுதி சுவரிலும் மேசையிலும் அடித்துச் சிதறித்தான் சோபாவுக்கு வந்து சேருகிறது. அதன் மேல் சீலிங் ஃபேன் ஓடும் இரைச்சல் வேறு. சத்தத்தை ஏற்றினால் உயிர்தான் இன்னும் முழங்கும், மெய் தெளிவாகாது.

ஆகவே தேடியது இதைத்தான்: பேச்சு தெளிவாகக் கேட்கவேண்டும், மிருதங்கமும் தம்புராவும் இயல்பாக ஒலிக்கவேண்டும், இடத்தை அடைக்கக் கூடாது. அதிர்கிற பாஸ் எங்களுக்கு வேண்டாம். கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

முதலில் ஹாலைச் சோதித்தேன். ஃபேனை நிறுத்திவிட்டு நடுவில் நின்று ஒரே ஒரு தடவை பலமாகக் கை தட்டினால் போதும். எங்கள் ஹாலில் 'டர்ர்ர்' என்று ஒரு உலோக நடுக்கம் வந்து மெல்ல அடங்கியது. எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியை மாற்றி மாற்றித் திருப்பி அனுப்புவதால் வருவது அது. சபைன் சூத்திரத்தை வைத்துக் கணக்குப் போடலாம்: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறையில் உள்ள பொருட்கள் ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், எதிரொலி அடங்க எத்தனை வினாடி ஆகும் என்று கிடைக்கும். எங்கள் ஹால் 56 கன மீட்டர். டைல்ஸும் பூசிய சுவரும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் உறிஞ்சும். காலி ஹாலாக இருந்தால் மூன்று வினாடிக்கு மேல் முழங்கும். சோபா, மெத்தை, ஆட்கள், திறந்த ஜன்னல் எல்லாம் சேர்ந்து அதை ஒரு வினாடிப் பக்கம் இறக்குகின்றன. பேச்சு பளிச்சென்று கேட்க அரை வினாடி அளவில் இருந்தால் நல்லது. ஸ்பீக்கருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை அப்போதே திரைச்சீலைக்கு என்று எடுத்து வைத்தேன்.

கடைகளில் எல்லோரும் முதலில் காட்டுவது சவுண்ட்பார். இடத்தை அடைக்காது, ஒரே கேபிள், வேலை சுலபம் என்பதெல்லாம் உண்மை. படுக்கையறை அளவுக்கு நான் தயங்காமல் அதைச் சொல்வேன். ஆனால் விலை குறைந்த சவுண்ட்பார்களில் உள்ளே இருப்பவை இரண்டங்குல ஸ்பீக்கர்கள். அவற்றால் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க முடியாது. அதற்குக் கீழ் உள்ளதெல்லாம் மூலையில் வைத்த, பாஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் பெட்டிக்குப் போய்விடும். ஆண் குரலின் அடித்தளம் 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை இருப்பதால், செய்தி வாசிப்பவரின் தொண்டை ஓரிடத்திலும் உதடு ஓரிடத்திலுமாகப் பிரிந்து கேட்கிறது. ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு அதைத் தவிர்க்கவே முடியாது. ஐந்து சின்ன டப்பாவும் ஒரு பெரிய டப்பாவும் கொண்ட ஹோம் தியேட்டர் செட்டிலும் இதே பிரிவினைதான், கூடவே ஹால் முழுக்க ஒயர்.

பெட்டிமேல் போட்டிருக்கும் வாட் கணக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு எந்தப் பொருளும் கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட்டைக் கேளுங்கள், அதைவிட முக்கியமாக ஸ்பீக்கரின் சென்ஸிடிவிட்டியைக் கேளுங்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் கேட்கும் என்பதுதான் அது. 86 டெசிபல் என்று போட்ட ஒரு ஜோடி, ஆளுக்கு ஒரு வாட் வாங்கிக்கொண்டு, மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு 80 டெசிபல் சுற்றி ஒலி தரும். சாதாரண உரையாடல் ஒரு மீட்டரில் 60, 65 டெசிபல்தான். ஆக அன்றாடம் செலவாவது ஒரு வாட்டுக்கும் குறைவு. தவில் அடி போன்ற திடீர் உச்சங்களுக்காக 30 வாட் கையிருப்பு இருந்தால் அந்த 80-க்கு மேல் இன்னும் 15 டெசிபல் இடம் கிடைக்கும். 18க்கு 11 ஹாலுக்கு அதுவே தாராளம்.

இதையெல்லாம் கணக்கில் வைத்து, புத்தக அலமாரியில் அடங்குகிற அளவில் ஒரு ஜோடி சாதாரண ஸ்பீக்கர், அதற்கு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் என்று முடிவு செய்தேன். பேச்சுக்காகவே பிறந்த சின்ன ஸ்பீக்கர் வரலாற்றிலேயே உண்டு. 1970-களில் பி.பி.சி. தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ ஷூ டப்பாவைவிடச் சற்றுதான் பெரியது. ஐந்தங்குலத்தைத் தாண்டாத கோன் (அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு), மேலே உயர்ந்த ஒலிகளுக்கு ஒரு ட்வீட்டர், அவ்வளவுதான். வேனுக்குள் உட்கார்ந்து குரல் சரியாகப் பதிவாகிறதா என்று பொறியாளர்கள் அதை வைத்துத்தான் பார்த்தார்கள். ஆழ்ந்த பாஸை விட்டுக்கொடுத்து நடுப்பகுதியைச் சுத்தமாக வைத்த அந்த வழி, இன்றைக்கும் ஒரு ஹாலுக்குச் சரியான வழி என்று நம்புகிறேன். சின்னப் பெட்டி, ஆழ்ந்த பாஸ், குறைந்த வாட்டில் அதிக சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். அது இயற்பியல் விதி, எந்தக் கம்பெனியாலும் மீற முடியாது.

கேட்டுப் பார்க்கக் கடைக்குப் போகும்போது அப்பாவையும் கூட்டிப்போனேன். கடைக்காரர்கள் தங்களிடம் உள்ள டெமோவைத்தான் போடுவார்கள். கண்ணாடி உடையும், ஹெலிகாப்டர் பறக்கும், எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும். நாங்கள் பென் டிரைவில் கொண்டுபோனது ஒரு பெண் குரல் செய்தி, ஓர் ஆண் குரல் செய்தி, நாதஸ்வரமும் தவிலும், தம்புரா சுருதியோடு ஒரு பாட்டு, மிருதங்கத் தனி ஆவர்த்தனம். சத்தத்தை வீட்டில் வைக்கும் அளவுக்கு இறக்கச் சொன்னேன். கடைப் பையன் தயங்கினான்: "சார், இவ்ளோ கம்மியா வெச்சா எஃபெக்ட் தெரியாதே." எங்களுக்குத் தெரியவேண்டியது அந்த அளவில்தான். குறைந்த சத்தத்தில் தம்புராவின் ரீங்காரம் அறுபடாமல் வருகிறதா, மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) வாசிக்கும்போது கும்கி என்ற ஒலியின் வளைவு கேட்கிறதா அல்லது வெறும் 'தொம்' மட்டும்தானா என்று பார்த்தோம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, செய்தியில் வந்த ஊர்ப்பெயர்களைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு ஜோடியில் திருத்தணி திருத்துறை மாதிரிக் கேட்டது என்று சொல்லி அதை ஒதுக்கினார். இதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தெரியவில்லை.

வாங்கியதன் அளவுகளைச் சொல்கிறேன், கடையில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஐந்தேகால் அங்குல வூஃபர் (கீழ், நடு ஒலிகளுக்கான கோன்), துணி டோம் ட்வீட்டர், 8 ஓம், 86 டெசிபல், உயரம் 30 செ.மீ., ஆழம் 22 செ.மீ., பாஸுக்கு உதவும் காற்றுத் துளை முன்பக்கம். கடலோர ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும்: கோனின் விளிம்பில் இருக்கும் வளையம் ரப்பரா, ஃபோமா? ஃபோம் வளையம் ஈரக்காற்றில் சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். விரலால் மெல்லத் தொட்டாலே வித்தியாசம் தெரியும். பழைய ஸ்பீக்கர் வாங்குபவர்கள் முன்வலையைக் கழற்றி இதைப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

ஆம்ப் விஷயத்தில் நான் எடுத்தது டி.பி.ஏ. 3116 சிப் போட்ட, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு டப்பா. எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. (டிவியின் சத்தத்தை ஆம்புக்குக் கொண்டுவரும் இணைப்பு), ஆப்டிகல், ப்ளூடூத் மூன்றும் அதில் உண்டு. இந்த சிப் கொடுக்கும் சக்தி முழுக்க அடாப்டரின் வோல்ட்டைப் பொறுத்தது. 12 வோல்ட் அடாப்டரைப் போட்டால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 9 வாட்டைத் தாண்டாது. 24 வோல்ட்டில் 30 வாட் வரும். பெட்டியில் '50 வாட் + 50 வாட்' என்று போட்டுவிட்டு 12 வோல்ட் அடாப்டரைச் சேர்த்து விற்பதும் நடக்கிறது. அடாப்டரின் முதுகில் உள்ள எழுத்தைப் படியுங்கள். ஸ்பீக்கர் ஒயருக்கென்று தனியாகச் செலவு தேவையில்லை. எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் ஐந்து மீட்டர் போய்த் திரும்பினால் தடை 0.12 ஓம்கூட இல்லை. 8 ஓமுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

அடுத்தது ஸ்டாண்டு. இதில்தான் எனக்கு வேலை அதிகம், சந்தோஷமும் அதிகம். டிவி இருக்கும் சுவர் நாலரை அங்குலச் சுவர், அந்தப் பக்கம் படுக்கையறை. பிராக்கெட் அடித்தால் சுவரே பாடும். ஷோகேஸ் தட்டில் வைத்தால் தட்டும் கண்ணாடியும் சேர்ந்து அதிரும். எனவே நானே செய்தேன். நான்கு அங்குல பி.வி.சி. குழாயில் 65 செ.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டு. அடியில் கிச்சன் மேடைக்கு அறுத்து மிஞ்சிய கிரானைட்டில் ஓரடிக்கு ஓரடி, மேலே 18 எம்.எம். ப்ளைவுட். கிரானைட்டின் நடுவே துளை போடும் வேலையை மார்பிள் கடையிலேயே கொடுத்துவிட வேண்டும், வீட்டு டிரில்லில் அது பிளந்துவிடும். துளைக்கு அடியில் நட்டும் வாஷரும் மறைய ஒரு பள்ளமும் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு 12 எம்.எம். த்ரெட் ராடைக் கிரானைட்டிலிருந்து குழாயின் நடுவே மேலே ப்ளைவுட் வரை கொண்டுவந்து, மேல்நட்டை முடுக்குமுன் குழாயில் மணலை நிரப்பவேண்டும்.

மணல் ஈரமாக இருக்கக் கூடாது. மொட்டைமாடியில் தார்ப்பாயில் பரப்பி நல்ல வெயிலில் காயவைத்து, சலித்து, கைக்குள் இறுக்கிப் பிடித்தால் உருண்டை பிடிக்காமல் உதிர்கிற பதத்துக்கு வந்ததும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இட்டுக் குழாயில் இறக்கினேன். கொஞ்சம் கொட்டி, குழாயைத் தரையில் மெல்லத் தட்டி, மீண்டும் கொட்டி. ஒவ்வொரு குழாயும் ஒன்பது கிலோ அளவு வாங்கிக்கொண்டது. கிரானைட் நாலரை கிலோ. காலியாக இருந்தபோது குழாயை விரலால் சுண்டினால் 'டங்' என்றது. நிரம்பியதும் 'தட்' என்று அதே இடத்தில் நின்றது. பேரக்குழந்தைகள் ஓடிவந்து இடித்தாலும் எளிதில் சாயாது. கிரானைட்டின் கீழ் நான்கு மூலையிலும் ரப்பர் புஷ், ஸ்பீக்கருக்கும் ப்ளைவுட்டுக்கும் நடுவில் கொஞ்சம் புளூ டேக் என்ற ஒட்டும் பசை.

65 செ.மீ. என்று எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ட்வீட்டர் காதின் உயரத்தில் இருக்கவேண்டும். சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து 95 செ.மீ., கீழே பாயில் உட்கார்ந்தால் 75. எங்கள் வீட்டில் பாதிப் பேர் எப்போதும் தரையில்தான். ஸ்டாண்டில் ஏறியதும் ட்வீட்டர் 90 செ.மீ.யில் நின்றது, இரண்டு பேருக்கும் பொதுவாக.

வைக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழு மாலை பிடித்தது. ஸ்பீக்கரின் முன்முகம் பின்சுவரிலிருந்து எவ்வளவு தூரமோ, அந்தத் தூரத்தின் நான்கு மடங்கு நீளமுள்ள அலை சுவரில் பட்டுத் திரும்பும்போது, நேரே வரும் ஒலியை வெட்டிவிடும். 45 செ.மீ. தள்ளி வைத்தால் அந்த வெட்டு 190 ஹெர்ட்ஸ் பக்கம் விழுகிறது. ஆண் குரல் சன்னமாகிவிட்டது, நெஞ்சு இல்லாத குரல் மாதிரி. முன்முகம் சுவரிலிருந்து 30 செ.மீ. வரும்படி பின்னால் நகர்த்தியதும் வெட்டு 290-க்குப் போய் ஆழமும் குறைந்தது, குரல் நிரம்பியது. அதற்குப் பதிலாக பாஸ் கொஞ்சம் ஏறும். எங்கள் ஹாலின் 11 அடி அகலம் 52 ஹெர்ட்ஸிலும், 10 அடி உயரம் 57-லும் முழங்கக்கூடியவை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் தவிலின் அடி வந்தபோதெல்லாம் ஹால் கூடவே 'ம்ம்ம்' என்றது. முன் துளையில் ஒரு துண்டு ஃபோமைத் தளர்வாகச் செருகியதும் அது அடங்கிவிட்டது. இன்னொரு பயனும் உண்டு. சென்னை வீட்டில் திறந்த துளை என்றால் கரப்பானுக்கும் பல்லிக்கும் வாடகையில்லா வீடு.

அப்பாவின் நாற்காலி நடுவில் இல்லை, இடது ஓரம். ஸ்டீரியோவில் பேச்சு நடுவிலிருந்து வருவதுபோலத் தோன்றுவது நடுவில் உட்கார்ந்தவருக்கு மட்டுமே. ஓரத்தில் இருப்பவருக்குக் குரல் அருகிலுள்ள ஸ்பீக்கருக்குள் ஓடிவிடும். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கரையும் நன்றாக உள்நோக்கித் திருப்பி, அவற்றின் பார்வைக் கோடுகள் சோபாவுக்கு ஓரடி முன்னாலேயே வெட்டிக்கொள்ளும்படி வைக்கவேண்டும். அப்போது இடது ஓரத்தில் இருப்பவரை வலது ஸ்பீக்கர் நேராகப் பார்க்கும், இடது ஸ்பீக்கர் அவரைத் தாண்டிப் பார்க்கும். தூரத்தில் இருப்பது பலமாகவும் பக்கத்தில் இருப்பது தணிந்தும் கேட்பதால் குரல் மீண்டும் திரைக்கே வந்துவிடுகிறது. வைத்துக் கேட்டுப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும்.

டிவியோடு இணைப்பது ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கும் எச்.டி.எம்.ஐ. துளையில்தான், வேறு துளையில் சத்தம் வராது. டிவி ரிமோட்டிலேயே வால்யூம் ஏறி இறங்க வேண்டுமானால் செட்டிங்ஸில் சி.இ.சி. என்ற ஒரே ரிமோட் வசதியை இயக்கவேண்டும். சாம்சங்கில் அதற்குப் பெயர் எனிநெட் ப்ளஸ், எல்.ஜி.யில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்டை பி.சி.எம். (சுருக்காத சாதாரண ஒலி) என்று மாற்றுவதும் அவசியம். டால்பி டிஜிட்டலாக அனுப்பினால் இந்த மாதிரிச் சின்ன ஆம்புகளுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது; ஒன்றும் கேட்காது, அல்லது வெறும் இரைச்சல் வரும். ஓ.டி.டி. செயலிகளில் 5.1 தமிழ் (ஹோம் தியேட்டர் செட்டுக்கானது), சாதாரணத் தமிழ் என்று இரண்டு இருந்தால் சாதாரணத்தையே எடுங்கள். இரண்டு ஸ்பீக்கரில் வசனம் எடுப்பாக இருக்கும்.

எல்லாம் முடிந்து ராத்திரி அமைதியில் ஒரு மெல்லிய 'ங்ங்ங்' கேட்டது. 50 ஹெர்ட்ஸ் ஹம். செட்டாப் பாக்ஸின் பின்னால் வரும் கேபிள் ஒயரைக் கழற்றியதும் நின்றது, மாட்டியதும் வந்தது. அந்த ஒயரின் வெளிவலை எங்கோ கம்பத்தில் எர்த் ஆகிறது, எங்கள் டிவியும் அடாப்டரும் வீட்டில் எர்த் ஆகின்றன. இரண்டு எர்த்துக்கும் இடையிலான சின்ன வித்தியாசம்தான் இப்படிப் பாடுகிறது. இதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், உயிருக்கு ஆபத்து. கேபிள் ஒயரின் நடுவில் மாட்டும் கால்வானிக் ஐசொலேட்டர் என்ற விரலளவு சாதனம் கிடைக்கிறது. அதைப் போட்டதும் ஹம் போயே போய்விட்டது. டிஷ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது ஆகாது. மாடியில் உள்ள டிஷ்ஷில் சிக்னலை வாங்கும் எல்.என்.பி.க்கு அதே ஒயர் வழியாகத்தான் மின்சாரம் போகிறது, ஐசொலேட்டர் அதைத் தடுத்துவிடும்.

சோபாவுக்குப் பின்னால் சாப்பாட்டு மேசைப் பக்கத்து ஜன்னலுக்குக் கனமான துணியில் திரைச்சீலை தைத்துப் போட்டோம், அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி எடுத்து நல்ல மடிப்போடு. மெல்லிய பாலியஸ்டர் திரையால் பயனில்லை. ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே பவானி ஜமுக்காளம். இப்போது கை தட்டினால் அந்த உலோக நடுக்கம் இல்லை. அப்பா டிவி சத்தத்தை முன்பைவிடக் கணிசமாகக் குறைத்தே வைக்கிறார், ஃபேன் நான்கில் ஓடும்போதுகூட.

சப்வூஃபர் வாங்கவில்லை. ஆம்பில் அதற்கான துளை இருக்கிறது, பின்னால் யாராவது கேட்டால் சேர்க்கலாம். சேர்த்தால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் அதற்குக் கொடுத்து, தடித்த ரப்பர் பாயின்மேல் வைக்கவேண்டும், இல்லையென்றால் ஸ்லாப் வழியாக நேரே கீழ்வீட்டுக்குப் போகும். இப்போதைக்கு மிச்சமுள்ள வேலை ஒன்றுதான். ஸ்டாண்டின் பி.வி.சி. குழாய் இன்னும் வெள்ளையாகவே நிற்கிறது. உப்புத்தாள் தேய்த்து, ப்ரைமர் கொடுத்து, தேக்கு நிறத்தில் ஒட்டும் வெனீர் வாங்கி வைத்திருக்கிறேன். மழை விட்டதும் மாடியில் வைத்து ஒட்டவேண்டும்.